வேன் வழிகாட்டி மரபும் அகழி முதலைகளும்: ஆலங்காயத்தை மையமிட்ட ஓர் ஆய்வு

ஊர் சுற்றிக் காட்டுதல் என்னும் செயலுக்குச் சுற்றுவோன், சுற்றப்படும் ஊர், சுற்றிக் காட்டுவோன் என உறுப்புகள் மூன்று. வேன் டிரைவரையும் சேர்த்து நான்கு என்பாரும் உளர். அவர்கள் சொல்வதே சரி என்பது போகப்போக விளங்கும்.

ஆய்வுக் களம் திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயம். ஆய்வுப் பொருள், அங்கிருந்து ஞாயிறு விடியலில் புறப்பட்டு வேலூரைக் காட்டிவிட்டு இருட்டியபின் திரும்பும் டூரிஸ்ட் வேன். 2019 நவம்பர் வரை ஆலங்காயமும் வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அப்போதெல்லாம் வேலூருக்குப் போவதென்றால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க, அல்லது சிஎம்சி ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட. கோட்டையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. மாவட்டம் பிரிந்ததும் அதே ஊர் அயலூராகிவிட்டது. காசு கட்டிப் பார்க்கப் போகிறோம். ஓர் ஊர் சுற்றுலாத் தலமாவதற்கு வேண்டியது தொன்மையன்று, இடையில் ஓர் எல்லைக்கோடு என்பது இக்கட்டுரையின் முதல் முடிபு. இம்முடிபைப் பின்னர் நான் எங்கும் பயன்படுத்தப் போவதில்லை. ஆய்வேடுகளின் முதல் இயல் முடிபுகளுக்கு அதுதான் வழக்கம்.

முன்னாய்வுகள்: இத்துறையில் பல அறிஞர்கள் ஆய்ந்துள்ளனர். (யாரும் ஆயவில்லை. ஆயினும் இந்த வாக்கியம் இல்லாத கட்டுரையை எவரும் வாங்குவதில்லை என்பதால் சேர்க்கப்பட்டது.)

இனி வழி. ஆலங்காயத்திலிருந்து வேலூருக்கு இரண்டு வழி உண்டு. ஆகவே இரண்டு சிந்தனைப் பள்ளிகளும் உண்டு. வாணியம்பாடிக்கு இறங்கி, பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து, ஆம்பூர், பள்ளிகொண்டா வழியாகப் போக வேண்டும் என்போர் ஆம்பூர்ப் பள்ளியினர். மலையடிவாரமாகவே ஒடுகத்தூர், அணைக்கட்டு என்று போனால் டோல்கேட் மிச்சம் என்போர் ஒடுகத்தூர்ப் பள்ளியினர். வெளிப்பார்வைக்கு இது டீசல் பற்றிய சண்டை. உள்ளே இறங்கிப் பார்த்தால் கத்தரிக்காய் பற்றியது. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடியில்தான் முள்ளுக் கத்தரிக்காய் விளைகிறது; 2023-இல் அதற்கு வேலூர் பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆம்பூரிலோ, சீரகச் சம்பா பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள எண்ணெய் மிதக்க வைக்கும் கத்தரிக்காய். ஆக, ஒரு பள்ளியினர் கத்தரிக்காயைச் செடியில் கண்டு மகிழ்வோர்; மறுபள்ளியினர் தட்டில் கண்டு மகிழ்வோர். தட்டே வென்றது. ஒடுகத்தூர்ப் பள்ளி இன்று டிரைவரின் மாமனார் ஒருவரோடு நின்றுவிட்டது.

காவலூர்: பார்க்கப்படுவதில்லை.

இந்த ஒற்றை வரி போதுமென்றே இருந்தேன். வேனிலிருந்த பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் விடவில்லை. ஆலங்காயத்துக்கு மேலே, ஜவ்வாது மலையில், 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1986-இல் ராஜீவ் காந்தி வந்து வைணு பாப்பு பெயரைச் சூட்டிய வானாய்வகம் அது. 1977-இல் யுரேனசுக்கு வளையம் இருப்பது தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. அவ்வளவு தொலைவிலுள்ள கோளின் வளையத்தைத் தன் மலையிலிருந்தே பார்த்த ஊர், வாடகை வேன் பிடித்து அகழித் தண்ணீரைப் பார்க்கப் போகிறது. வழிகாட்டியின் விளக்கம் சுருக்கமானது: “பக்கத்துல கீற எடத்துக்கு யாரு தம்பி காசு குடுப்பாங்க?” சுற்றுலாவியலில் இதைவிடச் செறிவான சூத்திரத்தை நான் கண்டதில்லை.

கோட்டைக்கு வருவோம். பதினாறாம் நூற்றாண்டு, விசயநகரக் காலத்து நாயக்கர் கட்டுமானம், 133 ஏக்கர். உள்ளே கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் உண்டு. இவற்றை வழிகாட்டி மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவார். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இங்கே சிறையிருந்து 1832-இல் இறந்தான் என்பது அரை நிமிடம். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்கு இரண்டு நிமிடம். அதிலும் ஒன்றரை நிமிடம் அதை அடக்க ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரையில் பறந்து வந்தது பற்றி. அந்தப் புரட்சியைக் கிளப்பிய காரணங்களில் ஒன்று புதிய தலைப்பாகையில் வைத்த தோல் பட்டை. வேனில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தோல் தொழிலில் சோறு தின்பவர்கள். இந்த ஓர் இடத்தில் வரலாறு வலிய வந்து கையைப் பிடித்தும், வழிகாட்டி உதறிவிட்டு முதலைக்குப் போய்விடுவார்.

நாமும் போவோம். இக்கட்டுரையின் உயிர்நிலை அதுவே.

வேலூர்க் கோட்டை அகழியில் பத்தாயிரம் முதலைகள் இருந்தன என்பது கர்ண பரம்பரை. இதன் மூலத்தைத் தேடினேன். வழிகாட்டியைக் கேட்டேன்: “புத்தகத்துலயே போட்டுக்கீறாங்க சார்.” வாசலில் விற்ற புத்தகத்தை வாங்கினேன். ‘உள்ளூர் மக்கள் கூறுவர்’ என்றிருந்தது. உள்ளூர்க்காரர் ஒருவரை, அகழிக்கரையில் வேர்க்கடலை விற்றவரை, கேட்டேன்: “கைடு சொல்லுவாரே, கேக்கலயா?” ஒருவர் சொல்ல, அதை மற்றவர் எழுத, எழுதியதை முதலாமவர் சான்று காட்டும் இந்த முறை, பல்கலைக்கழகங்களுக்கு வெளியிலும் இத்துணைச் செம்மையாக வழங்குவது கண்டு கண் பனித்தேன்.

எழுத்துச் சான்றும் உண்டு. கோட்டைக்கு எதிரே பரோட்டா மடித்துத் தந்த செய்தித்தாளில் முதலை பற்றி ஒரு குறிப்புக் கிட்டியது (காண்க: ஞாயிறு இணைப்பு, மூன்றாம் மடிப்பு, வலப்பக்கம்). இதை ‘அ’ பிரதி என்போம். அதே தாளின் இன்னொரு படி, பக்கத்து இருக்கை அம்மாவின் போண்டாவைச் சுற்றி வந்தது. அது ‘ஆ’ பிரதி. ‘அ’வில் ‘பத்தாயிரம் முதலைகள்’ என்பது தெளிவு. ‘ஆ’வில் எண்ணெய் இறங்கி ‘பத்து’ வரைதான் படிக்க முடிகிறது. எனவே மூலபாடம் ‘பத்து முதலைகள்’ என்பதே, ‘ஆயிரம்’ பிற்கால இடைச்செருகல் என்பார் போண்டா வழியினர். அற்றன்று; எண்ணெய் ஏட்டை அழிக்குமேயன்றி எண்ணைக் குறைக்காது என மறுப்பர் பரோட்டா வழியினர் (காண்க: மேற்படி தாள், சால்னா படாத பகுதி, கீழிருந்து நான்காம் வரி, ஒட்டியிருந்த வெங்காயத்தை நீக்கியபின்). இரு பிரதிகளையும் ஒப்பிட்டுச் செம்பதிப்பு ஒன்று கொண்டுவர எண்ணி ‘ஆ’ பிரதியைக் கேட்டபோது, அந்த அம்மா கையைத் துடைத்து ஜன்னல் வழியே போட்டுவிட்டிருந்தார். தமிழின் அரிய ஏடுகள் பல இவ்வாறே அழிந்தன.

பாடம் எதுவாயினும் கணக்கு என்று ஒன்று உண்டு. ஒரு முதலைக்கு நீளம் பத்தடி என்று கொள்வோம். சோழ மண்டலத்து முதலைகளுக்கும் தொண்டை மண்டலத்து முதலைகளுக்கும் நீள வேறுபாடு உண்டா என்பது தனி ஆய்வு. பத்தாயிரம் முதலைகளை வாலும் தலையுமாக வரிசை பிடித்தால் ஒரு லட்சம் அடி, முப்பது கிலோமீட்டருக்கும் மேல். அந்த வரிசை வேலூரில் தொடங்கி ஆற்காட்டைத் தாண்டிவிடும். அப்படியானால் 1806-இல் கில்லெஸ்பிக்குக் குதிரை எதற்கு? ஆற்காட்டில் ஏறி முதுகு முதுகாக மிதித்துக்கொண்டே வந்திருக்கலாமே. குதிரையில்தான் வந்தார் என்பது ஐயமற்ற வரலாறு. ஆகவே முதலைகள் வரிசையில் நிற்கவில்லை என்பது உறுதியாகிறது. இல்லை என்பதற்கு இது சான்றாகாது; வரிசையில் நில்லாமை இம்மண்ணின் இயல்பு.

உணவுச் சிக்கல் இதனினும் பெரிது. முதலைக்கு வாரம் ஓர் ஆடு என்றாலும் வாரம் பத்தாயிரம் ஆடு. தின்ற முதலைகள் தோலை மட்டும் துப்பியிருந்தால்? வாரம் பத்தாயிரம் ஆட்டுத் தோல், பாலாற்றுத் தண்ணீர், சுற்றுக் காட்டில் ஆவாரம்பட்டை, ஜவ்வாது மலையில் கடுக்காய். தோல் பதனிட வேண்டிய பொருள் அத்தனையும் கூடிவிட்டன! வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலின் தோற்றம் இதுவாகலாம் என முதன்முதலாக இங்கே முன்வைக்கிறேன். எவரேனும் மறுக்கும்வரை இது கோட்பாடு. மறுத்தபின் ‘விவாதத்துக்குரிய கோட்பாடு’. இரண்டுக்கும் பதவி உயர்வில் மதிப்பெண் ஒன்றே.

மறுத்தும்விட்டார்கள், வேன் வேலூரை விட்டுப் புறப்படும் முன்பே. பின் இருக்கையில், ஆம்பூர் டேனரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தாம்பூலத்தை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “பத்தாயிரம் மொதல இருந்திருந்தா, எங்காளுங்க ஒண்ணையாவது உரிக்காம உட்டிருப்பாங்களா? ஊருல ஒரு பர்சு கூட அந்தத் தோல்ல கெடையாது சார்.” ஆயிரம் பக்க ஆய்வேடு தராத தெளிவு. எனவே இதனை அடிக்குறிப்பில் மட்டும் குறிப்பிடக் கருதியுள்ளேன்.

ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபம்: அழகு. (கல்லைப் பிளந்து பாயும் குதிரைகளையும் யாளிகளையும் பற்றி எழுதத் தொடங்கினால் பொய் கலக்க வழியில்லை, ஆகவே ஆய்வுக்கு உதவாது.)

கோயிலைப் பற்றி வேறொரு சிக்கல் உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, மன்னனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழமொழி. வழிகாட்டியின் மூலதனமே அதுதான். ஆனால் 1981-இல் லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், வழிபாடு நடக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடிவிட்டது. நான்கில் ஒன்றரை போயிற்று. தரவு மாறினால் பழமொழியை மாற்றுவதா, பழமொழிக்காகத் தரவை ஒதுக்குவதா? வழிகாட்டி இரண்டாவதைத் தேர்ந்தார். சாமி கும்பிட்டுத் திருநீறு பூசிய நெற்றிகளைப் பார்த்துக்கொண்டே ‘சாமியில்லாத கோயில்’ என்றார். கோட்பாட்டில் இவ்வளவு உறுதியுள்ளவர் துணைவேந்தர் ஆகாதது ஏன் என்று தெரியவில்லை.

ஸ்ரீபுரம் பொற்கோயில்: நட்சத்திர வடிவ நடைபாதை, கால்வலி.

சந்தை இயல். நேதாஜி மார்க்கெட்டிலும் லாங்கு பஜாரிலும் “பதினஞ்சே நிமிஷம்” என்று இறக்கிவிடுவார்கள். இந்தப் பதினைந்து நிமிடம் கடிகாரத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம். வெங்காயமும் பூவும் பிளாஸ்டிக் குடமும் ஆலங்காயத்திலும் கிடைக்கும், அதே விலைக்கு. ஆயினும் வரலாற்றுச் சிறப்புமிக்க நகரில் வாங்கிய குடத்தில் தண்ணீர் வேறு மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கையை நான் குலைக்கவில்லை.

வழிகாட்டி காட்டாத இடமும் ஒன்று உண்டு. திரும்பும் வழியில் ஆம்பூரை நெருங்கும்போது ஒரு வாடை ஏறும். “கண்ணாடிய ஏத்திக்குங்க” என்பார். அன்றைய பொழுதில் அவர் எதையும் விளக்காமல் விட்ட ஒரே இடம். அந்த வாடைக்குக் காரணமான தோல் கழிவால் பாலாறும் கிணறும் கெட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற விதியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உரைத்தது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர் எவரும் வேலூர் பெயரை எழுதாமல் தேறுவது கடினம். முதலை இருந்த அகழிக்குக் கதை உண்டு; தீர்ப்பு வாங்கிய ஆற்றுக்கு ஒரு பலகை கிடையாது.

ஆம்பூரில் பிரியாணிக்கு முன்னால் ஷூ கடை. ஏற்றுமதியில் மிஞ்சியது மலிவாகக் கிடைக்குமென்று டிரைவர் நிறுத்துவார். நிறுத்துவதில் அவருக்கு என்ன கிடைக்கும் என்பது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது. அந்தக் கடையில்தான், நாள் முழுவதும் கோட்டையிலும் கோயிலிலும் வாய் திறவாதிருந்த பெண்கள் பேசத் தொடங்கினார்கள். வாரத்தில் ஆறு நாள் இதே சாலையில் கம்பெனி வண்டியில் வந்து ஷூவுக்கு அப்பர் தைப்பவர்கள். ஒருவர் ஒரு ஜோடியை எடுத்து அடியை வளைத்துப் பார்த்தார். தையல் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் நகம் நின்றது. “ஊசி மாத்தாமலே ஓட்டிக்கீறா. ரெண்டு தையல் தாண்டிட்ச்சு பாரு. எங்க லைன்ல இது ரிஜெக்ட்டு” என்று வைத்துவிட்டார். கடைக்காரர் விலையைக் குறைத்தார். “எறநூறு கொறச்சா தையல் வந்துருமாண்ணா?” என்றார் அவர். அன்று சான்று காட்டிப் பேசப்பட்ட ஒரே கூற்று இதுவாதலின், நம் ஆய்வு முறைக்குள் அடங்கவில்லை.

இக்கட்டுரையை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசித்தேன். பன்னாடு என்பதற்குப் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பதிவுக் கட்டணத்தில் மதிய உணவு, பை, பேனா, சான்றிதழ் அடக்கம். முதலை இயலை முழுமையாக வைத்திருந்தேன். தலைவர் ஐந்து நிமிடத்தில் மணியடித்துவிட்டார். முந்தியே வந்த சான்றிதழில் என் தலைப்பு ‘அகழி முதலீடுகள்’ என்று அச்சாகியிருந்தது. திருத்தித் தருமாறு கேட்டபோது, வணிகவியல் அமர்வில் இன்னும் ஓர் இடம் காலியாக இருப்பதாகவும் அங்கேயும் வாசித்தால் இரண்டாவது சான்றிதழுக்குப் பாதிக் கட்டணம்தான் என்றும் சொன்னார்கள். கட்டிவிட்டேன்.