கும்பகோணத்தின் கோ.சி.மணி

கே: டெல்டாவில் வயலும் வரப்பும் அறிந்த அமைச்சர் என்றால் யாரைச் சொல்வீர்கள்? (வாசகர், கும்பகோணம்)

ப: உங்கள் ஊர் எம்.எல்.ஏ.வாக இருந்த கோ.சி.மணியைத்தான்! 1989, 1996, 2001, 2006 என நான்கு முறை வென்றார். 2001-இல் அவருடைய கட்சியான தி.மு.க. மாநிலம் முழுக்க வென்றதே 31 இடம். அந்தத் தோல்வி வெள்ளத்திலும் அவர் கரை உடையவில்லை.

2006 மே 13 அன்று முதல்வராகப் பதவியேற்ற மேடையிலேயே கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்திட்டார் கருணாநிதி. சுமார் 7,000 கோடி ரூபாய்! கூட்டுறவுத் துறை மணியிடம். குறுவைப் பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளோ ஜூன் 12. பழைய பாக்கி நின்றால் சிட்டா, அடங்கல் என நில ஆவணங்களோடு போனாலும் கூட்டுறவுச் சங்கத்தில் புதுக்கடன் கிடைக்காது, வட்டிக்காரர் வாசல்தான். குறுவைக்கு முன்பே பாக்கியைத் தீர்த்தது சரியான பருவத்தில் பெய்த மழை.

அடங்கலில் பெயர் ஏறாத குத்தகைக்காரருக்குச் சங்கத்தில் கடனே கிடையாதே, எதைத் தள்ளுபடி செய்வது? அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.