சுவரை வைத்துச் சித்திரம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். மதுரைக்குப் பக்கத்துத் தோப்பூரில், எய்ம்ஸ் ஆஸ்பத்திரி கட்டுகிறோம் என்று, அதை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். சுமார் 224 ஏக்கரை வளைத்து முதலில் சுவர் எழுப்பினார்கள். சித்திரத்தை மட்டும் மறந்துவிட்டார்கள். வருஷக்கணக்கில் அந்தச் சுவருக்குள் நல்ல காற்று வந்து தங்கிப் போனது. பக்கத்திலேயே ஆஸ்டின்பட்டி நெஞ்சக ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே மூச்சுக்குத் திணறியவர்கள் இங்கே பூட்டிவைத்த காற்றை எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

மற்ற ஊர்களில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கும். இடம் போதாது என்று விரிவாக்கப் பார்ப்பார்கள். உடனே ஊர் கூடும்: யார் நிலம் போகும், எந்த மரம் விழும், பஸ் நிற்குமா என்று வாக்குவாதம் நடக்கும். நாங்கள் மதுரைக்காரர்கள். ஆஸ்பத்திரியே இல்லாமல் விரிவாக்கம் செய்து காட்டினோம். 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது எய்ம்ஸின் மதிப்பு 1,264 கோடி ரூபாய். ஒரு கட்டில் போடாமல், ஓர் ஊசி குத்தாமல், அது 1,977.80 கோடியாக வளர்ந்தது. பிறக்காத பிள்ளைக்கு மீசை முளைத்ததை வேறெங்கு பார்த்திருக்கிறீர்கள்?

கதை 2015-ல் ஆரம்பம். அந்த ஆண்டு மத்திய பட்ஜெட்டில் நிதியமைச்சர் அருண் ஜேட்லி தமிழ்நாட்டுக்கு ஓர் எய்ம்ஸ் என்றார். செங்கல்பட்டு, புதுக்கோட்டை, செங்கிப்பட்டி, பெருந்துறை, தோப்பூர் என்று ஐந்து இடங்கள் பட்டியலில் நின்றன. அடுத்த மூன்று வருஷம் நடந்தது பெண் பார்க்கும் படலம். டெல்லியிலிருந்து குழு வந்தது, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டது, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றது. ஐந்து ஊர்க்காரர்களும் தங்கள் மண்ணின் அருமை, ரோட்டின் அகலம், தண்ணீரின் ருசி எல்லாவற்றையும் சொல்லிச் சண்டை போட்டார்கள். மனு, உண்ணாவிரதம், கோர்ட். அன்றைய மாநில அரசு ‘இதுதான் எங்கள் இடம்’ என்று ஒரு விரலை நீட்டியிருந்தால் ஒரே வாரத்தில் முடிந்திருக்கும். ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு நின்றது. 2018 ஜூனில்தான் தோப்பூர் என்று தாம்பூலம் மாறியது.

2019 ஜனவரி 27-ல் பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். முதல்வரும் துணை முதல்வரும் பக்கத்தில் நின்றார்கள். கைதட்டினோம். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்.

அன்றிலிருந்து நாளை எண்ணுங்கள். சரியாக நூறாவது நாள், மே 7. மதுரைக்காரனுக்கு நூறாவது நாள் என்றால் தியேட்டர் வாசலில் தோரணம், கேடயம், பிரியாணி. அன்று மாலை மழை அடித்தது, கரண்ட் போனது. எர்ஸ்கின் ஆஸ்பத்திரியாக இருந்து ராஜாஜி பெயருக்கு மாறி, எங்களுக்கு எப்போதும் பெரியாஸ்பத்திரியாகவே இருக்கிற இடத்தில், விபத்துப் பிரிவில் ஜெனரேட்டர் கைகொடுக்கவில்லை. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் ஐந்து பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். மின்தடையால் அல்ல, அவர்களுடைய உடல்நிலை ஏற்கெனவே மோசமாக இருந்தது என்று விளக்கம் வந்தது. வென்டிலேட்டரில் கிடந்தவர் உடல்நிலை மோசமாக இல்லாமல், காற்று வாங்கவா வந்து படுத்திருந்தார்? 1,264 கோடிக்குக் கல் போட்ட ஊரில், அந்தக் கல்லுக்கு நூறு நாள் நிறைந்த அன்று, ஒரு ஜெனரேட்டர் ஓடவில்லை. எந்தக் கட்சியும் அந்த ஜெனரேட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு மேடை ஏறவில்லை. கனம் அதிகம்.

செங்கல் இலேசு. 2021 தேர்தலில் தி.மு.க.வின் உதயநிதி ஸ்டாலின் ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டி, ‘இதுதான் எய்ம்ஸ்’ என்றார். நல்ல நகைச்சுவை, மறுக்கவில்லை. எதிர்த்தரப்பில் ஒருவர் செங்கல்லைத் திருடிவிட்டார் என்று போலீசுக்கே போனார். அது அதைவிட நல்ல நகைச்சுவை. செங்கல் ஊர் ஊராகச் சுற்றியது. தூக்கியவர் எம்.எல்.ஏ. ஆனார், அமைச்சர் ஆனார், துணை முதல்வர் ஆனார். தமிழ்நாட்டில் இத்தனை பதவி உயர்வு பெற்ற செங்கல் வேறில்லை. எந்தச் சூளையில் சுட்டார்களோ, அந்தச் சூளைக்காரர் கைக்குக் கற்பூரம் காட்ட வேண்டும்.

செங்கல்லைக் காட்டியவர்களும், ஆட்சிக்கு வந்தபின், சும்மா இருக்கவில்லை. கிண்டியில் 1,000 படுக்கை ஆஸ்பத்திரியைப் பதினைந்தே மாதத்தில் கட்டி, 2023 ஜூனில் திறந்து, ‘பார்த்தாயா?’ என்று டெல்லியைப் பார்த்துக் கேட்டார்கள். பார்த்தோம். கட்டடம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் 2015-ல் மாதம் 7,700 ரூபாய்க்கு, இரண்டே வருஷத்தில் நிரந்தரம் என்று சொல்லி ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் இருக்கிறார்களே, அவர்களை எடுத்தது முந்தைய ஆட்சி, காக்க வைத்தது இரண்டு ஆட்சியும். அவர்களுக்கு ஏன் ஒரு பதினைந்து மாதம் வாய்க்கவில்லை? செவிலியருக்கு ரிப்பன் கட்டித் திறக்க முடியாது, அதனாலா?

சரி, டெல்லிக்கு வருவோம். அமைச்சரவை சொன்ன கெடு 45 மாதம். 2018 டிசம்பரோடு 45-ஐக் கூட்டினால் 2022 செப்டம்பர். கெடு முடிகிற அதே மாதத்தில், பா.ஜ.க. தேசியத் தலைவராகத் தமிழ்நாட்டுக்கு வந்த ஜே.பி. நட்டா, மதுரை எய்ம்ஸ் வேலை 95 சதவீதம் முடிந்துவிட்டது என்றார். மறுநாளே எம்.பி.க்கள் சு. வெங்கடேசனும் மாணிக்கம் தாகூரும் அந்த 95 சதவீதத்தைத் தேடித் தோப்பூருக்குப் போனார்கள். பொட்டல்தான் இருந்தது. அவர் சொன்னது ஆரம்பகட்டப் பணிகளைத்தான் என்று பிறகு பொழிப்புரை வந்தது. பரிமேலழகர்கூட இப்படி ஓர் உரை எழுதியதில்லை. கல்யாணம் 95 சதவீதம் முடிந்தது. தாலி மட்டும்தான் பாக்கி, அப்புறம் மாப்பிள்ளை, அப்புறம் பெண்.

நட்டா எய்ம்ஸை அறியாதவர் அல்ல. இந்த எய்ம்ஸ் அறிவித்தபோதும், கல் போட்டபோதும் மத்திய சுகாதார அமைச்சர் அவர்தான். அவருடைய இமாச்சலத்துக்கும் ஓர் எய்ம்ஸ், எங்களோடு அதே 2015 பட்ஜெட்டில் அறிவித்தார்கள்; அது அவருடைய சொந்த மாவட்டமான பிலாஸ்பூருக்குப் போனது. 95 சதவீதப் பேச்சு முடிந்த பதிமூன்றாம் நாள், 2022 அக்டோபர் 5-ல், அதைப் பிரதமர் திறந்து வைத்தார். பிலாஸ்பூரில் நூறு, மதுரையில் தொண்ணூற்றைந்து. ஐந்து மார்க்கில் கோட்டை விட்டோம் போலிருக்கிறது. 2024-ல் நட்டாவே மறுபடி சுகாதார அமைச்சராக வந்தார்.

குஜராத்தின் ராஜ்கோட் எய்ம்ஸைச் சொல்லாமல் விட்டால் வயிறு எரிவது அடங்காது. அங்கே கல் விழுந்தது 2020 டிசம்பர் 31. எங்கள் கல்லுக்கு ஏறக்குறைய இரண்டு வயது இளைய கல். 2024 பிப்ரவரி 25-ல் ராஜ்கோட்டில் நின்றபடி பிரதமர் ஐந்து எய்ம்ஸ்களை ஒரே நாளில் திறந்தார். இரண்டே நாள் கழித்து, 27-ந் தேதி, மதுரைக்கு வந்தார். சிறுதொழில் முனைவோர் கூட்டத்தில் பேசினார், மீனாட்சியைக் கும்பிட்டார், இரவு தங்கினார். தோப்பூர் எவ்வளவு தூரம்? வெளியூர்க்காரர்கள் ஓர் ஆட்டோக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். போய்ப் பார்த்துத் தன் கல்லை நலம் விசாரித்திருக்கலாம். மீனாட்சியிடமாவது ஏதாவது சொன்னாரா, தெரியாது. அவளுக்கு ஊர் நிலவரம் தெரியும், சித்திரை வந்தால் பட்டம் சூட்டி ஆள்கிறவள் அவள்தான்.

அதற்கடுத்த வாரம், மார்ச் 5-ல், தோப்பூரில் வாஸ்து பூஜை நடந்தது. நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வரப்போகிற வாரங்கள் அவை. அடிக்கல்லுக்கு ஐந்து வருஷம் கழித்து வாஸ்து! 224 ஏக்கரும் வாயு மூலையாகிவிட்டதை அப்போதுதான் யாரோ கவனித்திருக்கிறார்கள். பணம் ஏன் தாமதம் என்றால் ஜப்பான் கடன் என்றார்கள். அந்தக் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானதே 2021 மார்ச்சில். மற்ற ஊர் எய்ம்ஸ்களுக்கு டெல்லி கஜானா திறந்தது. எங்களுடையதற்கு மட்டும் டோக்கியோவில் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் மதுரை எய்ம்ஸுக்கு மாணவர்கள் இருந்தார்கள். 2022-ல் 50 பேரைச் சேர்த்து, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார வைத்தார்கள். அடுத்தடுத்த வருஷமும் ஐம்பது ஐம்பதாக அனுப்பினார்கள். அகில இந்தியப் போட்டியில் மோதி ஜெயித்து வந்த பிள்ளைகள். சட்டையில் மதுரை, சாப்பாடு ராமநாதபுரம். அடையாள அட்டையில் மட்டும் இருந்த ஓர் ஆஸ்பத்திரியை அந்தப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

இப்போது கட்டடம் எழும்புகிறது. மறைக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் இருந்தபோது எத்தனை பேர் அதில் பிழைத்தார்கள் என்று கணக்கெடுங்கள். மனை விற்றவர்கள், ‘எய்ம்ஸ் அருகில்’ என்று நோட்டீஸ் அடித்துப் பிழைத்தார்கள். கொண்டுவந்தது நாங்கள் என்று ஒரு கட்சி பிழைத்தது. கொண்டுவரவில்லை என்று இன்னொன்று பிழைத்தது. டிவி விவாதங்கள் பிழைத்தன. நாங்களும் மீம் போட்டுச் சிரித்துப் பொழுதைப் பிழைத்தோம். ஒரு நோயாளிகூட இல்லாமல் இத்தனை பேரைப் பிழைக்க வைத்த ஆஸ்பத்திரி இதுதான்.

போன மாதம் ஓர் அரசு ஆஸ்பத்திரி எதிரில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். வழக்கம்போல எய்ம்ஸ் பேச்சு. கொண்டுவந்தது யார், கெடுத்தது யார் என்று இரண்டு பேர் சட்டையைப் பிடிக்காத குறை. கமுதிப் பக்கத்து அம்மா ஒருவர் கையில் தூக்குவாளியோடு கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சு கொஞ்சம் ஓய்ந்ததும் என்னைப் பார்த்து, “தம்பி, அந்தப் புது ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுப்பா? எம்மவனுக்கு கிட்னி போச்சு. அங்கிட்டு நல்லாப் பாப்பாகளாமே?” என்றார்.

டீ மாஸ்டர் முந்திக்கொண்டார். “அங்க போனா ஒரு செங்கல்லு தருவாங்கத்தா, தலைக்கு வச்சுப் படுத்துக்கலாம்.”

சண்டை போட்ட இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். வாளியில் டீயை வாங்கிக்கொண்டு, சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி வேகமாக உள்ளே போனார். பார்வையாளர் நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது.