சல்லிக் கணக்கு

எனக்கு ஊர் சல்லி என்றால் கொழும்பில் சிரிப்பார்கள். சிங்களத்தில் சல்லி என்றால் பணம். "அப்ப நீங்கள் பெரிய ஆள்தானே" என்று தோளில் தட்டுவார்கள். தமிழில் எங்கள் மதிப்பு சல்லிக்காசுக்கு மேல் ஏறியதில்லை.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே வந்தால் உப்புவெளி, சாம்பல்தீவு. கடற்கரைப் பக்கம் நாங்கள். நிலவும் உப்பும் அயலவருக்குப் போக, எங்கள் பங்கு சில்லறை. பெயர்க்காரணம் கேட்டால் வாடிக்கு ஒன்று வரும். அலை ஒதுக்கிய கல்லும் சிப்பியும் சல்லி சல்லியாகக் கிடந்த இடம் என்பார் ஒருவர். கப்பல்காரர் சிந்திய காசு என்பார் இன்னொருவர். கோயில்காரர் இருவரையும் அதட்டி, பெயரை முத்துமாரியம்மனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அம்மன் இதுவரை எதையும் மறுக்கவில்லை.

சனத்தொகையும் அப்படித்தான். என் சின்ன வயதில் அதைச் சரியாக அறிந்தவர் கரைவலைச் சம்மாட்டி ஒருவரே. அவரிடம் இரண்டு தொகை இருந்தது: வலை இழுக்கும்போது ஒன்று, பங்கு பிரிக்கும்போது ஒன்று. இரண்டாவது எப்போதும் பெரிது.

அரசாங்கத்தின் குடிசன மதிப்பீடு 1871இல் தொடங்கியது. 1941இல் வரவேண்டியதை யுத்தம் 1946க்குத் தள்ளியது. இடையில், 1942 ஏப்ரல் 9 அன்று, ஜப்பான்காரர் மட்டும் திருகோணமலையை மேலிருந்து பார்த்துப் போனார்கள், குண்டுகளோடு.

1981இல் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்தது. அம்மம்மா வாசலை மறித்தார். "பிள்ளையளை எண்ணாதையுங்கோ தம்பி, கண்ணூறு படும்." கடைசியில் தொகையைச் சொன்னார், ஒருவரைக் குறைத்து. மாவட்டத்தில் அப்போது ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் என்கிறார்கள். அம்மம்மா மறைத்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு உள்நாட்டு யுத்தம்; 1991இல் மதிப்பீடே நடக்கவில்லை. 2001இல் எங்கள் மாவட்டத்தில் முழுமைப்படவில்லை. 2007இல் கிழக்குக்கென்று தனியாக ஒரு கணக்கு எடுத்தார்கள். ஆனால் எண்ணப்படாமல் இருந்தோம் என்று மட்டும் நினைக்கவேண்டாம். பஸ்ஸால் இறக்கி எண்ணினார்கள், ஏறும்போது எண்ணினார்கள். கடலுக்குப் போக பாஸ்; திரும்பி வந்ததும் தலைக்கணக்கு. நிவாரண அட்டையில் வேறு ஒரு கணக்கு. உலகத்திலேயே அதிகம் எண்ணப்பட்ட, ஆனால் எந்தப் புத்தகத்திலும் ஏறாத சனம் நாங்களாகத்தான் இருப்போம்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, ஞாயிறும் போயாவும் சேர்ந்த நாள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதமாட்டேன். பின்னால் வந்த பட்டியல்களைச் சொல்லலாம்: வள்ளம் இழந்தோர், எஞ்சின் இழந்தோர், வலை இழந்தோர். ஆயுளில் வலை தொடாத சிலரும் வலை இழந்திருந்தார்கள். சம்மாட்டியின் இரண்டாவது தொகை!

2021இல் வரவேண்டிய மதிப்பீட்டைக் கொரோனாவும் நாட்டின் காசுத் தட்டுப்பாடும் 2024 வரை இழுத்தடித்தன. இம்முறை வந்த பிள்ளையின் கையில் டாப். அம்மா கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஒருவரையும் விடாமல் சொன்னார்: மூத்தவன் கனடா, அடுத்தவள் லண்டன், பேரப்பிள்ளைகள் அங்கே இத்தனை, இங்கே இத்தனை.

"இந்த வீட்டில வழமையாய் இருக்கிறவையை மட்டும் சொல்லுங்கோ அம்மா."

"அவையின்ர வீடு இதுதானே பிள்ளை!"

அம்மம்மா வீட்டில் இருந்தவரை ஒளித்தார். அம்மா இல்லாதவரைப் பதியப் பார்த்தார். டாப்பில் ஏறியது இரண்டே பேர்.

அம்மன் பொங்கலுக்கு மட்டும் ஊர் வந்து போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே படிவத்தில் பிறந்த ஊர் கேட்டால் திருகோணமலை என்று எழுதிவிடாதீர்கள். சல்லி என்றே எழுதுங்கள், மூன்றே எழுத்து.