உடும்புச் சாவிகள்

மாகறல் பக்கத்து நெசவாளி ரேஷன் அரிசி வாங்கப் போனால், தன் விரல் தன்னுடையதுதான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு விரல்ரேகை மிஷின் வந்தது. பட்டோடும் ஜரிகையோடும் காலமெல்லாம் மல்லுக்கட்டிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? துடைத்து வை, அழுத்தி வை, அடுத்த விரலை வை. இலவச அரிசிக்கு அவ்வளவு சந்தேகம்!

அந்த நெசவாளியின் பெயரையும் அட்டை எண்ணையும் வங்கிக் கணக்கையும் ஆளும் மென்பொருள்களுக்கும் மூலநிரல் உண்டு. அது ஏதோ ஒரு சர்வரில் இருக்கிறது. உள்ளே போக எஸ்எஸ்எச் சாவி வேண்டும். எந்தச் சாவி? அது பெரிய இடத்து விவகாரம், கேட்கக் கூடாது. நான் எட்டிப் பார்த்த அலுவலகங்களில் (பெயர் வேண்டாம், எல்லாரும் கண்ணியவான்கள்) ஒரே சாவியை ஒரு குழுவே வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்கிறது. ஒப்பந்தக்காரரின் பையன் வேலையை விட்டுப் பெங்களூரு போய்க் கல்யாணமும் முடித்துவிட்டான். சாவி மட்டும் பட்டியலில் உடும்புப் பிடியாக இருக்கிறது.

மாகறலீசர் கோயில் தலபுராணத்திலும் ஓர் உடும்பு வருகிறது. பொன் உடும்பு. சோழன் துரத்த, புற்றுக்குள் புகுந்துகொண்டது. அதன் வால் வடிவில் லிங்கம் கிடைத்தது என்பார்கள். சோழனாவது துரத்தினான்! சர்வருக்குள் புகுந்த உடும்புகளைத் துரத்த நம்மிடம் ஆளும் இல்லை, ஆசையும் இல்லை.

எந்தச் சாவியாக இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. 2006-ல் டெபியன் லினக்ஸ்காரர்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஓரிரு வரிகளை நீக்கினார்கள். சாவி வார்க்கும் பட்டறையில் தற்செயல் என்பதே ஏறக்குறைய செத்துப்போனது. ஒரு கணினிக் கட்டமைப்பில் ஒவ்வொரு வகைக்கும் நீளத்துக்கும் அதிகபட்சம் 32,768 சாவிகள்தான் பிறக்க முடிந்தது. அத்தனையையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு, திருடன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். 2008 மே மாதம் ஊரறியச் சொன்னார்கள். 2015-ல் பென் காக்ஸ் என்பவர், ஊரார் மூலநிரலைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுச்சாவிகளைத் திரட்டிச் சலித்தார். ஏழு வருஷம் கழித்தும் அந்தச் சொத்தைச் சாவிகள் அங்கே சுகமாக வாழ்ந்துகொண்டிருந்தன. கிட்ஹப் அவற்றைப் பிடுங்கி எறிந்தது.

அதற்கு முன்பே, 2012 மார்ச்சில், யெகோர் ஹோமாகோவ் என்ற இளைஞர் கிட்ஹப்பின் ஓட்டை ஒன்றின் வழியாக அங்கிருந்த ரெயில்ஸ் என்ற மென்பொருள் திட்டத்துக்குள் தன் சாவியைச் செருகிக் காட்டியிருந்தார். அப்போதும் கிட்ஹப் எல்லாருடைய எஸ்எஸ்எச் சாவிகளையும் நிறுத்திவைத்து, உரியவரே பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் திறந்துவிட்டது. தப்பு நடந்தது, வெட்கப்பட்டார்கள், திருத்தினார்கள். நாம்? 2019 அக்டோபர் 29 அன்று கூடங்குளத்தில் இணையத் தாக்குதல் நடக்கவே முடியாது என்று அறிக்கை விட்டோம். மறுநாளே அணுமின் கழகம் கணினியில் தீநிரல் புகுந்ததை ஒப்புக்கொண்டது. அது சாவிக் கதை இல்லை, தெரியும். நான் சொல்வது அந்த முதல் நாள் வாயைப் பற்றி.

சரி, சாவிக்கு வருவோம். மருந்து இல்லாத நோயா இது? மருந்து அரைத்தவரே இந்தியர். மூலநிரல் சர்வரைக் காக்க சீதாராம் சாமர்த்தி எழுதிய கிட்டோலைட் என்ற மென்பொருளில் யாரும் தன் இஷ்டத்துக்குச் சாவியைச் செருக முடியாது. யாருக்கு எந்தச் சாவி என்பது நிர்வாகியின் கையில், ஒரே அடைவில், கோப்புகளாக இருக்கும். கோப்பை அழித்துப் புஷ் செய்தால் ஆள் வெளியே. 2011-ல் லினக்ஸ் மூலநிரல் குடியிருக்கும் கெர்னல் டாட் ஆர்க் சர்வர்களில் ஊடுருவல் நடந்த பிறகு லினக்ஸ்காரர்கள் இதைத்தான் நம்பிப் போனார்கள். கிட்லேப் என்ற இன்னொரு மென்பொருளிலோ அந்த வேலைகூட இல்லை. எந்த வகைச் சாவி செல்லும், குறைந்தது எத்தனை பிட் என்று நிர்வாகப் பக்கத்தில் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போதும்.

அங்கேதான் சிக்கல். இதற்கு டெண்டர் விட முடியாது. ஆலோசகர் வேண்டாம், பூமி பூஜை கிடையாது, ரிப்பன் வெட்ட அமைச்சரை அழைக்க முடியாது, பில் போட்டால் பத்து ரூபாய்கூடத் தேறாது. அப்புறம் எவன் செய்வான்?