விதையுறக்கமும் வீட்டுக்காரர் உறக்கமும்: ஓர் ஆய்வு

முன்னுரை

விதை எடுத்தல், விதை காத்தல், விதை விதைத்தல் என வீட்டுத் தோட்டக் கலை முத்திறப்படும். இவற்றுள் முதலிரண்டும் செழித்தோங்கி நிற்க, மூன்றாவது மட்டும் நலிவுற்றுக் கிடப்பது கண்கூடு. பூச்செடியும் மணச்செடியும் வளர்க்கும் எந்த வீட்டிலும் பரணையோ மேசை இழுப்பறையையோ துழாவினால் பொட்டலம் பொட்டலமாக விதை அகப்படும். அது ஏன் இன்னும் மண்ணுக்குப் போகவில்லை என்று கேட்டால் மட்டும் பதில் அகப்படாது.

விதையுறக்கம் குறித்துத் தாவரவியலார் நிறையவே எழுதியிருக்கிறார்கள். தோல் தடித்து நீர் புகாமல் உறங்கும் விதை உண்டு. கரு முதிராமல் உறங்குவது உண்டு. உள்ளிருக்கும் வேதிப்பொருள் தடுத்து உறங்குவதும் உண்டு. ஆயினும் உறக்கத்தின் காரணத்தை அவர்கள் பெரும்பாலும் விதையைச் சுற்றியே தேடினார்கள். சற்றுத் தள்ளி, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் காரணத்தை ஆராய்ந்தாரில்லை. அக்குறையை இக்கட்டுரை நிறைவு செய்ய முயல்கிறது.

கருதுகோளும் ஆய்வெல்லையும்

வீட்டில் சேமித்த விதையின் உறக்கம் விதையினிடத்தில் இல்லை, அதை வைத்திருப்பவரிடத்தில் இருக்கிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

களம் திருநெல்வேலியில் ஒரு தெரு. பூச்செடிகளும் மணச்செடிகளும் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. காய்கறியும் கீரையும் விலக்கப்பட்டமைக்குக் காரணம், அவை பசியோடு தொடர்புடையவை. பசி எந்த உறக்கத்தையும் கலைத்து ஆய்வு முடிவைக் கெடுத்துவிடும். முதன்மைத் தகவலாளி எதிர்வீட்டு ஆச்சி. வயதைக் கேட்டபோது ஆய்வாளரை ஒரு பார்வை பார்த்தார். அப்பார்வையே விடையாகக் குறித்துக்கொள்ளப்பட்டது.

முன்னோர் ஆய்வுகள்

தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிராக வைத்தது. அந்த ஓரறிவு தொட்டு உணர்வது. முற்றிய காசித்தும்பைக் காயை விரலால் தொட்டுப் பார்க்க: காயின் ஐந்து சுவர்களும் நொடியில் உட்புறம் சுருண்டு, விதைகள் நாற்புறமும் தெறிக்கும். தொல்காப்பியர் முற்றத்தில் காசித்தும்பை இருந்திருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

சுரபாலரின் விருட்சாயுர்வேதம் விதைக்குப் பால் தெளிக்கவும், உலர்த்தவும், வாய்விளங்கப் புகை காட்டவும் சொல்கிறது. இத்தனை உபசாரம் பெற்ற விதையை விதைக்காமல் விட யாருக்கும் மனம் வராது. சுரபாலர் விதைக்காக விதித்த சடங்குகள் உண்மையில் வீட்டுக்காரருக்காக விதிக்கப்பட்டவை என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

மேனாட்டில் இத்துறையின் மூலவர் வில்லியம் பீல். 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில், புட்டிக்கு 21 வகைச் செடிகளில் வகைக்கு 50 விதை வீதம் மணலோடு கலந்து, 20 புட்டிகளில் அடைத்து மண்ணுக்குள் புதைத்தார். எத்தனை ஆண்டு சென்றும் முளைக்கும் என்று பார்ப்பது நோக்கம். அவருக்குப் பின் வந்தவர்கள் ஒவ்வொரு புட்டியாகத் தோண்டி வருகிறார்கள். வெளிச்சம் பட்டால் விதை விழித்துக்கொள்ளக்கூடும் என்பதால் இரவில்தான் தோண்டுவது. 2021-இல் எடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. அடுத்தது 2040-இல். நம் வீட்டுப் பரணிலும் இதே சோதனைதான் நடக்கிறது. புட்டி எங்கே இருக்கிறது என்று பீல் எழுதி வைத்தார் என்பதே வேறுபாடு.

எடுத்தல்

விதை எடுப்பதில் தமிழர் காட்டும் ஊக்கம் வியக்கத்தக்கது. ஊட்டி மலர்க்காட்சிக்குப் போனாலும் உறவினர் வீட்டுத் துக்கத்துக்குப் போனாலும், செடியோரம் நின்று பேசும்போதே கை தானாகக் காய்ந்த பூவைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும்.

செண்டுப்பூவில் இது எளிது. செடியிலேயே பூ காய்ந்து பழுப்பேற விட்டுப் பிரித்தால், அடி கறுத்து நுனி வெளுத்த ஊசிகள் கட்டுக்கட்டாக வரும். வளைத்துப் பார்த்தால் ஒடிய வேண்டும். வளைந்து கொடுப்பது இன்னும் காயாதது. கறுப்பின்றி முழுதும் வெளுத்திருப்பது சப்பை. தாவரவியல்படி அந்த ஊசி விதையன்று, கனி. கொத்தமல்லியின் உருண்டையும் கனிதான், ஒன்றுக்குள் இரண்டு விதை. விதை சேமிக்கிறோம் என்று நாம் பெருமைப்படும் வேளையில் பெரும்பாலும் பழம் சேமித்துக்கொண்டிருக்கிறோம்.

காசித்தும்பை தொட்டால் வெடிக்கும், கனகாம்பரம் நனைந்தால் வெடிக்கும். ஆகவே முன்னதன் காய் பச்சை வெளுத்து மஞ்சளிக்கும்போதே துணி கட்டிவிட வேண்டும். பின்னதன் பழுத்துக் காய்ந்த கதிரை மழைக்கு முன் கொய்து, மூடிய பாத்திரத்தில் போட்டு ஈரம் காட்டினால் உள்ளேயே வெடித்து அடங்கும். டெல்லிக் கனகாம்பரத்தின் அருகே விதைக்காகக் காத்திருப்போர் காலமெல்லாம் காத்திருக்கலாம். அது மும்மய இனம், விதை பிடிக்காது. குச்சி ஒடித்து நட வேண்டியதுதான்.

அந்திமந்தாரை பூவுக்கு ஒரு விதை தரும். கறுத்துச் சுருங்கி மிளகு போலவே இருக்கும். நஞ்சுள்ளது என்பதால் அஞ்சறைப்பெட்டி இருக்கும் திசையிலேயே அதை வைக்கலாகாது. கார்ல் காரன்ஸ் என்ற ஜெர்மானியர் இச்செடியை வைத்துத்தான் ஓர் உண்மையைக் கண்டார். பச்சையும் வெள்ளையும் கலந்த இலையுள்ள செடியில், குட்டிச்செடியின் இலை நிறம் தாய்க்கிளையின் நிறத்தையே பின்பற்றுகிறது, மகரந்தம் தந்த தந்தைக்கு அதில் பங்கில்லை. தாயைப் போல பிள்ளை என்று நம் ஊரில் நெடுங்காலமாகச் சொல்லி வந்தது 1909-இல் அச்சேறியது.

தூய்மை செய்தல்

இவ்வியலுக்கு ஆச்சியின் சுளவே அடிப்படைக் கருவி. மூங்கிலில் முடைந்தது, வெந்தயமும் பழங்காகிதமும் அரைத்து மெழுகியது. காய்ந்த துளசிக் கதிரை இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் கசக்கி அதில் கொட்டினார். ஒரு பூவுக்கு நான்கு விதை, ஒவ்வொன்றும் கடுகிலும் சிறிது, பழுப்பு நிறம். எறிந்து எறிந்து பிடித்தபோது சருகு முன்னால் பறந்தது, விதை பின்னால் தங்கியது. பிறகு சுளவைச் சற்றே சாய்த்துப் பக்கவாட்டில் ஆட்டினார். கல் ஒருபுறமும் விதை ஒருபுறமுமாகப் பிரிந்தன. எடைக்கும் காற்றுத்தடைக்கும் உள்ள விகிதம் பற்றி ஆய்வாளர் விளக்கத் தொடங்கியபோது, காற்று வரும் பக்கம் நின்று மறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டார்.

திருநீற்றுப்பச்சிலையைத் தண்ணீரில் கழுவி எடுக்க நினைப்போர் உண்டு. அதன் விதைதான் சப்ஜா. நீர் பட்ட சில நிமிடத்தில் கொழகொழவென்று உறை கட்டிக்கொள்ளும், பிறகு காயவைத்துப் பிரிக்க இயலாது. வறட்டுத் தூய்மையே அதற்கு விதி. சித்திரை வெயிலில் இந்தச் சேமிப்பு சர்பத்துக்குள் இறங்கிவிடும் அபாயம் தனி. ஒருவகையில் அதாவது பயன்பட்டதே என்று ஆறுதல் கொள்ளலாம்.

காத்தல்

தூய்மை செய்த விதையை நிழலில் உலர்த்திக் காற்றுப் புகாமல் வைக்க வேண்டும். அடுப்புச் சாம்பல் கலந்து வைப்பது பழைய முறை. சாம்பல் ஈரத்தை உறிஞ்சும், வண்டின் மேல்தோலை உரசிக் காயவைக்கும். மாத்திரைப் புட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் புதிய முறை.

இங்கே ஜேம்ஸ் ஹாரிங்டன் என்ற அமெரிக்கரின் விதி நோக்கத்தக்கது. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 பாகை குறைந்தாலும் இரட்டிக்கும். குத்துமதிப்பான விதிதான். ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போம். பரண் 35 பாகை, குளிர்பெட்டி 5 பாகை. இடைவெளி 30. ஆறு முறை இரட்டித்தால் 64 மடங்கு. பரணில் ஓராண்டு தாங்கும் விதை குளிர்பெட்டியில் 64 ஆண்டு தாங்கும். இத்தகைய அவகாசம் கிடைத்த ஒருவர் வருகிற ஞாயிற்றுக்கிழமையே விதைத்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகையிலும் நியாயமன்று. சேமிப்பு எவ்வளவு சிறக்கிறதோ, விதைப்பு அவ்வளவு தள்ளிப்போகும் என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

அடுத்துப் பொட்டலம். கல்வெட்டியல் பயிற்சியின்றி இப்பகுதியில் இறங்கக் கூடாது. கிடைத்த உறைகளுள் ஒன்று மொய்க்கவர். அதன்மேல் "சிவப்பு, பெரிசு" என்று மட்டும் பொறிக்கப்பட்டிருந்தது. பூவா, செடியா, எது பெரிசு என்பதற்கு அகச்சான்று இல்லை. இன்னொன்றில் "மஞ்சள்" என்றிருந்தது. திறந்தால் உள்ளே விதைகள் கறுப்பாக இருந்தன. மற்றொன்று "கோயம்புத்தூர் அத்தை" என்றது. தினசரிக் காலண்டர் தாளில் மடித்த பொட்டலங்கள் இவ்வகையில் மேலானவை. ஆண்டு, மாதம், நாள், இராகு காலம், எமகண்டம் உள்பட எல்லாம் அச்சிலேயே கிடைக்கும். விதையின் பெயரைத் தவிர.

விதைத்தல்

விதையியலார் முளைப்புத்திறன் காணப் பொதுவாக 400 விதைகளை எண்ணுவார்கள். வீட்டுக்குப் பத்து போதும். ஈரத்துணியில் சுருட்டி வைத்து ஏழு முளைத்தால் எழுபது சதவீதம். முளைப்பாரி வளர்க்கும் ஊர்களில் இந்தச் சோதனை கும்மிப்பாட்டோடு நடைபெறுகிறது.

விதைக்கும் முறையிலும் மறைபொருள் ஏதுமில்லை. விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம். துளசி போன்ற பொடிவிதையை மணலோடு கலந்து மேலாகத் தூவினால் போதும், மூட வேண்டியதில்லை. கொத்தமல்லியைப் பலகையால் இலேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, 12 மணி நேரம் ஊறவைத்தால் எட்டு முதல் பதினைந்து நாளில் முளைக்கும். சங்குப்பூவின் தோலை உப்புத்தாளில் உரசி இரவெல்லாம் ஊறவைக்க வேண்டும். எறும்பு விதையைத் தூக்கிப் போகாதிருக்கத் தொட்டியோரம் அரிசிமாவு தூவுவது உண்டு. தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் நாற்றின் அடி அழுகிச் சாயும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் பூஞ்சைப் பொடி கலப்பது இதற்கு முன்காப்பு. நம்மிடம் இருப்பது ஒரு தேக்கரண்டி விதை என்பதால், விரல் நுனியில் தொட்டது போதும்.

இவ்வளவு எளிதாயின் தடை என்ன? தெருவில் திரட்டிய காரணங்கள் மாதவாரியாகக் கீழே தொகுக்கப்படுகின்றன. சித்திரையில் வெயில். வைகாசியில் கல்யாணம். ஆனியில் காற்று. ஆடிதான் சரியான பட்டம், ஆனால் ஊரில் கோயில் கொடை. ஆவணியில் மறுபடி கல்யாணம். புரட்டாசியில், மழை வரட்டும் என்பது. ஐப்பசியில், மழை நிற்கட்டும் என்பது. கார்த்திகையில் தொட்டியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. மார்கழியில் பனி. தையில் பொங்கல் வெள்ளையடிப்பால் தொட்டிகள் இடம் மாறிவிட்டன. மாசியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. பங்குனியில், இனிமேல் வெயில்தானே.

இச்சுழலிலிருந்து தப்பிய ஒரே செடி கறிவேப்பிலை. 1973-இல் இ. எச். ராபர்ட்ஸ் விதைகளை இரண்டாகப் பிரித்தார். உலர்த்தி வைத்தால் பேசாமல் கிடப்பவை ஒருவகை, உலர்த்தினால் செத்துப்போகும் அடங்காதவை மறுவகை. கறிவேப்பிலை அடங்காத கட்சி. பழத்தின் சதையை நீக்கி உடனே மண்ணில் போடாவிட்டால் முளைக்காது. இத்தெருவில் ஆய்வுக்காலத்தில் தவறாமல் விதைக்கப்பட்டது அதுவொன்றே. சேமிக்க இயலாத விதையே விதைக்கப்படுகிறது என்பது இரண்டாம் கண்டுபிடிப்பு. இதனால் கருதுகோள் நிறுவப்பட்டது.

உறக்கம் கலைக்கும் முறைகள்

விதைக்கு உப்புத்தாள் எப்படியோ, உரிமையாளருக்கு ஆச்சி அப்படி. உறைகளை ஆய்வாளர் மேசையில் பரப்பி வரிசை எண் இட்டுக்கொண்டிருந்தபோது அவர் எட்டிப்பார்த்துச் சொன்னது அப்படியே தரப்படுகிறது: "எய்யா, பொத்திப் பொத்தி வைக்கியே, அது என்ன தங்கக் காசா? பாதிய மண்ணுல போடு, மீதிய யாருக்காச்சும் குடு. நம்ம வீட்டுல பட்டுப்போனா அவுக வீட்டுல வாங்கிக்கலாம்லா."

இதன் பின்பகுதி கருதற்பாலது. 2008-இல் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், உலக விதை வங்கிகளின் படிவிதைகளை −18 பாகையில் காக்கும் பெட்டகம் திறக்கப்பட்டதும் இதே தத்துவத்தில்தான்: ஓரிடத்தில் அழிந்தால் இன்னோரிடத்தில் இருக்க வேண்டும். ஆச்சியின் முறையில் மின்கட்டணம் இல்லை. மேலும் தெருவில் விசாரித்தவரை, சொந்தமாக எடுத்த விதை உறையில் கிடக்க, கைமாறி வந்த விதை பெரும்பாலும் விதைக்கப்பட்டிருந்தது. கொடுத்தவர் அடுத்த முறை பார்க்கும்போது "முளைச்சுதா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் விதைக்கிறார்கள். ஹாரிங்டன் விதியில் இடம்பெறாத காரணி இது.

ஆகவே பரிந்துரைகள்: உறையின் மேல் செடியின் பெயரும் எடுத்த மாதமும் விதைக்க வேண்டிய மாதமும் எழுதுக. எடுத்ததில் பாதியை அவ்வாரமே கொடுத்துவிடுக. வாங்கியவரிடம் "முளைச்சுதா?" என்று கேட்கத் தவறாதீர்.

விலக்கப்பட்ட தரவு

ஆச்சி வீட்டு முற்றத்தில் ஆண்டுதோறும் காசித்தும்பையும் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் பூக்கின்றன. அவர் அவற்றுக்கு விதை எடுப்பதும் இல்லை, காப்பதும் இல்லை, விதைப்பதும் இல்லை. காய் வெடித்து விழுந்தது கிடக்கும். மழை பெய்ததும் முளைக்கும். வேண்டாத இடத்தில் வந்ததைப் பிடுங்கி எறிவார். உறையோ தேதியோ பயிர்ப்பட்டமோ இன்றி நடைபெறும் இந்நிகழ்வு கட்டுரையின் எந்த இயலுக்குள்ளும் அடங்காமையால் கணக்கில் சேர்க்கப்படவில்லை.