அடிக்கல் கையிருப்பில் உள்ளது, ஆளை மட்டும் அனுப்பவும்

சுகாதார, வெகுஜன ஊடக அமைச்சு,
சுவசிரிபாய,
கொழும்பு 10.

பொருள்: கல்முனைப் பிராந்தியத்துக்கு ஒரு பொதுச் சுகாதார ஆய்வுகூடமும் கிளினிக்கும் கோரல்

கனம் அமைச்சு அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம். ஆயுபோவன். கடிதம் எந்த மேசைக்குப் போய்ச் சேரும் என்று தெரியாததால் மூன்றையும் சொல்லி வைக்கிறேன்.

முதலில் ஒரு நன்றி. 2020 ஏப்ரலில் நீங்கள் வெளியிட்ட வர்த்தமானியை இந்தக் கரையோரத்தில் ஒருவரும் மறக்கவில்லை. கொரோனாவில் மௌத்தானவரை அடக்கக் கூடாது, எரிக்கத்தான் வேண்டும் என்றீர்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் நீங்கள் அசையவில்லை. ஜனாஸாவிலிருந்து கிருமி இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்று உங்கள் பக்கத்து நிபுணர்கள் விளக்கம் சொன்னார்கள். 2021 பெப்ரவரி முடிகிற நேரத்தில்தான் மனம் இளகியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்குவதற்கு இடம் கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டுவிட்டது. அந்தக் கணக்கை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். நான் நன்றி சொல்ல வந்தது உங்கள் நிலத்தடி நீர்ப் பாசத்துக்கு. எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி கொழும்பு அவ்வளவு கவலைப்பட்டதை அதற்கு முன்னர் நாங்கள் கண்டதில்லை.

அந்தப் பாசத்தை நம்பித்தான் இந்த விண்ணப்பம். சாய்ந்தமருது, கல்முனைக்குடிப் பக்கம் ஒருமுறை வந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு மதில் முட்டும். நிலமோ கடல் மணல். ஊற்றியதெல்லாம் நேரே கீழே போகும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் ஐம்பது அடியாவது விட வேண்டும் என்பார் பிஎச்ஐ என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். வளவே ஐம்பது அடி இல்லாதவர் பக்கத்து வீட்டுக்காரரின் குசினிக்குள்ளா குழி வெட்டுவார்? ஜனாஸாவுக்குப் பயந்த தண்ணீர் மலக்குழிக்குப் பயப்படாது என்று உங்கள் நிபுணர்கள் எங்காவது எழுதியிருந்தால் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். எழுதவில்லை என்றால், அந்தத் தண்ணீரைச் சோதிக்க ஒரு லெப் தாருங்கள்.

ஊரில் லெப் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கல்முனையில் ஒன்றுக்கு இரண்டு ஆதார வைத்தியசாலைகள். இரண்டிலும் லெப் இருக்கிறது. பிரதான வீதியில் தனியார் லெப்களுக்கும் குறைவில்லை. 2022 இல் நாடு முழுக்க இரசாயனங்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கிளினிக் கொப்பியும் துண்டுமாகச் சனம் அங்கேதான் ஓடியது. ஆனால் அந்த லெப்கள் எல்லாம் நோயாளியின் இரத்தத்தையும் சிறுநீரையும் பார்க்கிற இடங்கள். நோய் வந்த பிறகு வேலை செய்பவை. கிணற்றுக்கும், கடைச் சாப்பாட்டுக்கும், ஐஸ் கட்டிக்கும், எருமைத் தயிருக்கும் கிளினிக் கொப்பி கிடையாது. நோய் வருமுன் அவற்றைப் பிடித்துப் பார்ப்பதுதான் பொதுச் சுகாதார ஆய்வுகூடத்தின் வேலை. இதை உங்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது அதிகப்பிரசங்கித்தனம். ஆசியாவிலேயே முன்னோடியாக 1926 இல் களுத்துறையில் சுகாதார அலகைத் தொடங்கியவர்கள் நீங்கள். நூறு வருடத்தில் அந்த அறிவு களுத்துறையிலிருந்து கல்முனைக்கு வந்து சேராததற்கு ரயில் பாதை மட்டக்களப்போடு முடிவதுதான் காரணமாக இருக்கும்.

தண்ணீர் மாதிரியின் சுபாவம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எடுத்தவுடன் ஐஸில் வைக்க வேண்டும், இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் இருக்க வேண்டும். பிந்தினால் போத்தலுக்குள் கிருமி பெருகும், அல்லது செத்துப்போகும். எதுவானாலும் ரிப்போட் பொய். வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்த தண்ணீர் சனி, ஞாயிறு கழித்து, திங்கள் போயா என்றால் அதையும் கழித்துத்தான் ஒரு மேசையைக் காணும். கிருமிக்கு லீவு கிடையாது.

நாயின் பயணம் இதைவிடச் சிறப்பு. விசர் நாய் என்று சந்தேகப்பட்டால் அதன் தலையை வெட்டி, ஐஸில் பொதி செய்து, உறைந்துவிடாமல், பார்மலின் படாமல், பொரளையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த நிறுவனம் 1900 இல் தொடங்கியது. அதன் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இங்கிருந்து பொரளை முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல். உயிரோடு இருந்தபோது கல்முனைச் சந்தையைத் தாண்டாத நாய், செத்த பிறகு தலைநகரம் பார்க்கப் போகிறது. கடிபட்ட பிள்ளையின் வாப்பா இங்கே போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

எலிக்காய்ச்சலும் இப்படித்தான். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் வயலுக்குள் இறங்குபவர்களுக்கு அது புதிதல்ல. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் டொக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள், நல்லது. ஆனால் வந்தது அந்தக் காய்ச்சல்தான் என்று உறுதிசெய்யும் சோதனைக்கு முதலில் ஒரு தடவை இரத்தம், ஏறத்தாழ இரண்டு கிழமை கழித்து இன்னொரு தடவை இரத்தம். இரண்டாவது முறை இரத்தம் எடுக்கும்போது ஆள் ஒன்றில் வயலில் இருப்பார், அல்லது மையவாடியில் இருப்பார். சிகிச்சைக்கு அந்த ரிப்போட் உதவாது. எந்த வாய்க்காலில் நோய் இருக்கிறது என்று கண்டுபிடிக்க உதவும். அதற்கு அது நேரத்துக்கு வர வேண்டும், வந்த தாளை வாசித்து வாய்க்காலுக்குப் போக ஒருவர் வேண்டும்.

நீங்கள் எங்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நாட்டில் மாவட்டங்கள் 25. உங்கள் தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அட்டவணையிலோ 26 வரிகள். மிஞ்சிய அந்த ஒரு வரி கல்முனை. கரையோர மாவட்டம் தாருங்கள் என்று எங்கள் அரசியல் தலைவர் அஷ்ரஃப் காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். நிர்வாகத்தில் கிடைக்காததை டெங்குக் கணக்கில் தந்திருக்கிறீர்கள். 2017 இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டபோதும் எங்களுக்கென்று தனி வரி இருந்தது. வரி தந்த கையோடு லெப்பையும் தந்துவிட்டால் காரியம் முடிந்தது.

இப்போது அடிக்கல்லுக்கு வருகிறேன். தயவு செய்து நட வேண்டாம்.

இந்தக் கரையோரத்தில் கட்டடத்துக்குக் குறைவே இல்லை. 2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரம் பேருக்கு மேல். வீடிழந்தவர்களுக்காக நுரைச்சோலையில் சவூதிப் பணத்தில் 500 வீடுகள் எழுந்தன. பாடசாலை, பள்ளிவாசல், சந்தை எல்லாம் உண்டு. வைத்தியசாலையும் உண்டு. வழக்குப் போட்டார்கள். இன விகிதப்படிதான் பகிர வேண்டும் என்று 2009 இல் உயர் நீதிமன்றம் சொன்னது. பகிர ஒருவரும் முன்வரவில்லை. கூடாரத்தில் இருந்தவர்கள் எங்கெங்கோ போய்ச் சேர, வீடுகளைப் பல வருடம் பற்றைக்காடு ஆண்டது. அந்த வைத்தியசாலையின் கதவடியில் முளைத்த நாயுண்ணிக்கு ஒரு நாளும் காய்ச்சல் வந்ததில்லை. ஒலுவிலில் 2013 இல் துறைமுகம் திறந்தார்கள்; வாயை மணல் மூடியது, பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. இதெல்லாம் உங்கள் குற்றமல்ல, வேறு அமைச்சுகளின் கைங்கரியம். ஆனால் கல் நடுகிற வியாதி அமைச்சு பார்த்துத் தொற்றுவதில்லை. போதாக்குறைக்குச் சுகாதாரமும் ஊடகமும் இப்போது உங்களிடம் ஒன்றாக இருக்கின்றன. திரைநீக்கத்துக்குக் கமரா பிடிக்க வெளியில் ஆள் தேட வேண்டியதுகூட இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

இன்னொரு பயம் எங்களைப் பற்றியது. லெப் வருகிறது என்று வாய் திறந்த அன்றே எங்கே வருகிறது என்ற கேள்வி எழும். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி 2019 இல் தமிழர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கூடாது என்று நாங்கள் எதிரே உட்கார்ந்தோம். சாய்ந்தமருதுக்கு நகரசபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து, வெடி கொளுத்தி முடிப்பதற்குள் இடைநிறுத்தப்பட்டது. அப்போது மூக்கைச் சிந்தியவர்களும் சிரித்தவர்களும் ஒரே குர்ஆனை ஓதுகிறவர்கள். ஆகவே எங்களைப் பிரித்து வைக்க உங்கள் நிதியை வீணாக்க வேண்டாம், அதை நாங்கள் சொந்தச் செலவில் செய்துகொள்வோம். ஆஸ்பத்திரி இரண்டானது போல லெப்பும் இரண்டாக வேண்டும் என்று எங்கள் அரசியல்வாதிகள் உங்களிடம் வருவார்கள். பாண்டிருப்புக் கிணற்றுக்கு ஒரு நுணுக்குக்காட்டி, மருதமுனைக் கிணற்றுக்கு இன்னொரு நுணுக்குக்காட்டி என்பார்கள். தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். சில ஆஸ்பத்திரி மத்திக்கு, சில மாகாணத்துக்கு என்று நீங்களே பிரித்து வைத்திருப்பதால் இந்த விளையாட்டு உங்களுக்கும் பழக்கம்தான்.

நுணுக்குக்காட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. 1934, 35 இல் மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேரை இந்தத் தீவு பறிகொடுத்தது. 1963 இல் நோயாளிகள் வெறும் 17 பேர். வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1969 இல் ஐந்து இலட்சத்துக்கு மேல். திரும்ப ஆரம்பத்திலிருந்து, ஊர் ஊராக இரத்தத் துளி எடுத்து, கண்ணாடித் துண்டில் பூசி, ஒருவர் குனிந்திருந்து பார்த்துப் பார்த்துத்தான் 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் வந்தது. அந்தக் குனிந்த தலைகளுக்குப் பெரிய கட்டடம் இருக்கவில்லை. மேசை இருந்தது, சம்பளம் இருந்தது, முடிவை எதிர்பார்த்து நின்ற ஒரு அதிகாரி இருந்தார்.

எனவே நாங்கள் கேட்பது சின்ன விஷயம். ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களுக்கு நிரந்தர ஆளணி. வந்து ஆறு மாதத்தில் இடமாற்றம் எடுத்துக்கொண்டு ஓட முடியாத நியமனம். இரசாயனங்களுக்கு வருடா வருடம் தனி நிதி. மின்சாரம் போனால் குளிர்சாதனப் பெட்டியைக் காப்பாற்ற ஒரு ஜெனரேட்டர். பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை காலையில் ஒரு சுற்றுப் போய் மாதிரிகளைச் சேர்க்க ஒரு வாகனம், அதற்கு டீசல். ஒலுவில் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. அங்கே படித்த பிள்ளைகள் வேலை தேடி அலைகிறார்கள், பயிற்சி கொடுத்து எடுங்கள். லெப்போடு ஒட்டிய கிளினிக், கடைக்காரரும் மீன்பிடிக்காரரும் வரக்கூடிய நேரத்தில், இஷாவுக்குப் பிறகும் ஒரு மணித்தியாலம் திறந்திருக்கட்டும். சீனி, பிறஷர் பார்க்க 2011 இல் நீங்கள் தொடங்கிய ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் ஆண்கள் கடையில் நிற்கிற நேரத்தில் திறந்து, அவர்கள் வீட்டுக்கு வருகிற நேரத்தில் மூடுகின்றன.

கட்டடம்? பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளிடமும் கோவில் நிர்வாகங்களிடமும் வர்த்தகர்களிடமும் கேட்டால் ஒரு கிழமையில் நாலு அறை கிடைக்கும். கல்லும் நிறையக் கிடக்கிறது. முதலில் நியமனக் கடிதங்களை அனுப்புங்கள். ஆள் வந்து, முதல் ரிப்போட் எழுதிக் கிணற்றுக்காரரின் கையில் கொடுத்த பிறகு, உங்கள் பெயரைப் பளிங்கில் வெட்டி வைக்கும் செலவை நாங்களே ஏற்கிறோம்.

இப்படிக்கு,
கரைவாகுவாசி ஒருவன்.

பிரதி: கிழக்கு மாகாண சுகாதார அமைச்சு, திருகோணமலை. (இது மத்தியின் வேலை என்று பதில் எழுதுவதாக இருந்தால், முத்திரைக் காசை மிச்சம் பிடியுங்கள். அவர்களும் இதையே எழுதுவார்கள்.)