சூன்ய சதவீதத்தான் விஞ்ஞாபனம்

மகாராஜராஜஸ்ரீ மாவட்ட மருத்துவ வாரியத்தார் சமுகத்துக்கு, தங்களால் பூரண சௌக்கியன் என்று தீர்மானிக்கப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்ட விண்ணப்பதாரன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது.

இருசக்கர வாகனத்திலிருந்து வீழ்ந்து மண்டை உடைந்து, பிழைப்பானோ மாட்டானோ என்று பந்துக்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக்கிடந்த என்னை நேரில் அழைத்துப் பரீட்சித்து, ஊனம் சூன்ய சதவீதம் என்று எழுதி முத்திரையும் வைத்துக் கொடுத்த தங்கள் கருணைக்கு முதலில் வந்தனம். விபத்து நடந்த இரவில் என் பிரக்ஞையை அளந்த டாக்டர்கள், 1974-ஆம் வருஷம் கிளாஸ்கோ நகரத்து டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் வகுத்த அளவையை உபயோகித்தார்களாம். கண் திறப்பது, வாய் பேசுவது, கைகால் அசைப்பது என்ற மூன்றுக்கும் தனித்தனியே மார்க்கு போட்டு 15-க்குக் கணக்கிடும் அந்த அளவையில் மிகக் குறைந்த மதிப்பு 3. அதாவது உயிர் பிரிந்த உடம்புக்குக்கூட 3 உண்டு. தாமே நடந்து வந்து, நாற்காலியில் அமர்ந்து, வணக்கமும் சொன்னவனுக்குச் சூன்யம் போட்ட தங்கள் சிக்கனத்தின் முன்னால் அந்தச் சீமை வைத்தியர்கள் ஊதாரிகள் என்றே சொல்லவேண்டும்.

தாங்கள் நடத்திய பரீட்சையையும் நான் குறை சொல்லவில்லை. கதவு சாத்திய அறை. தலைக்கு மேல் மின்விசிறி. ஒருவர் மட்டும் பேச, ஒரு சமயத்தில் ஒரே கேள்வி. பெயர் கேட்டீர்கள், சொன்னேன். கிழமை கேட்டீர்கள், தங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைப் பார்த்துச் சொன்னேன். முதலமைச்சர் யார் என்றீர்கள், அதையும் சொன்னேன். பிறகு, தானிய மண்டியில் கால் நூற்றாண்டு கணக்கெழுதிய என்னிடம், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னீர்கள். 93, 86, 79, 72, 65 என்று வந்ததும் போதும் என்று கையமர்த்தினீர்கள். தாங்கள் நிறுத்தியிராவிட்டால் 2 வரையில் போய், அதற்கு மேல் கடன்தான் என்றும் சொல்லியிருப்பேன். "ஐயாவுக்கு ஒரு குறையுமில்லையே!" என்று தாங்கள் சந்தோஷப்பட்டபோது நானும் கூடவே சந்தோஷப்பட்டேன், அந்தச் சந்தோஷம் பஸ் நிலையம் வரையில் நீடித்தது.

பஸ் நிலையத்தில் என்ன நேர்ந்தது என்று கேட்பீர்களானால், விசேஷமாக ஒன்றுமில்லை. வரும் வழியில் துவரம்பருப்பும் புளியும் கடுகும் வாங்கவேண்டும் என்பது உத்தரவு. ஒரு பக்கம் ஹாரன், ஒரு பக்கம் பாட்டு, நடுவில் "அண்ணே, சௌக்கியமா?" என்று கையைப் பிடித்துக்கொண்ட ஒரு பழைய சிநேகிதர், இவ்வளவுக்குள் கடைக்காரப் பையனின் முன்னால் போய் நின்றபோது, பருப்பு என்ற சொல்லும் போயிற்று, எதற்கு வந்தேன் என்பதும் போயிற்று. "சீக்கிரம் சொல்லுங்கண்ணே" என்று அவன் மரியாதையாகத்தான் கேட்டான். அவனை அடிக்கக் கையோங்கினேன். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியில் அடிபட்டவர்கள் அமைதியான அறையில் கேட்டதற்கெல்லாம் மணிமணியாகப் பதில் சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் சாமானிய காரியங்களில் திகைத்து நிற்பார்கள் என்பது நரம்பியல் வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்த விஷயம். தாங்களோ அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஆகையால் தங்களுக்கு அது தெரிய நியாயமில்லை.

தலைக்கு எடுத்த படத்தில் இப்போது கோளாறு தெரியவில்லை என்றும் சொன்னீர்கள். வேகமாகப் போய்ச் சடுதியில் நின்ற தலைக்குள் மூளை குலுங்கும்போது நரம்பிழைகள் அங்கங்கே இழுபட்டு அறுந்துபோவதும், அப்படி அறுந்தது சி.டி. படத்தில் பல சமயம் புலப்படாமலே இருப்பதும் உண்டு என்று எனக்குச் சொன்னவரும் ஒரு டாக்டர்தான். பால் தீய்ந்தாலும் என் மூக்குக்குத் தெரிவதில்லை. அதற்கும் படம் கிடையாது.

1848-ஆம் வருஷம் அமெரிக்காவில் வெர்மாண்ட் பிரதேசத்தில் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த பினியாஸ் கேஜ் என்ற மேஸ்திரியின் கன்னத்தில் புகுந்த இரும்புக் கம்பி உச்சந்தலை வழியாக வெளியே போய் விழுந்தது. மனிதர் சாகவில்லை, வண்டியில் உட்கார்ந்து விடுதிக்கு வந்து டாக்டரிடம் பேசினார். ஆனால் நிதானமும் பொறுப்பும் உள்ளவர் என்று பேரெடுத்தவர் முன்கோபியாகவும் சபலசித்தராகவும் மாறிவிட்டதால், இவர் பழைய கேஜ் அல்லர் என்றார்கள் சிநேகிதர்கள். பழைய வேலையும் கிடைக்கவில்லை. அவர் தங்கள் சமுகத்துக்கு வந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். இடது கண் பார்வை போய்விட்டபடியால் ஒற்றைக்கண் இழப்பு என்று எழுதி, அது சலுகைக்கு வேண்டிய 40 சதவீதத்தை எட்டவில்லை என்று வருத்தம் தெரிவித்து அனுப்பியிருப்பீர்கள். அந்தக் கேஜ் பிற்பாடு சிலி தேசத்துக்குப் போய், வருஷக்கணக்கில் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். நாள்தோறும் ஒரே வேலை, ஒரே பாதை என்ற அந்த ஒழுங்குதான் அவரை ஓரளவு தேற்றியது என்று சிலர் அபிப்பிராயப்படுகிறார்கள். எனக்கும் அப்படித்தான். காலையில் செய்யவேண்டியவை சமையலறைச் சுவரில் வரிசையாக எழுதி ஒட்டியிருக்கின்றன. மத்தியானம் இருட்டறையில் படுக்கை. சாயங்காலம் விருந்தாளி கூடாது. இதற்குச் சிகிச்சை என்று பெயர் சொன்னால் சிரிப்பீர்கள்.

சட்டத்தின் மேலும் எனக்குக் கோபமில்லை. 1995-ஆம் வருஷத்துச் சட்டம் ஏழு வகை ஊனங்களை அறிந்திருந்தது. 2016-ஆம் வருஷத்துச் சட்டம் 21 வகைகளை அறிந்திருக்கிறது. ஆனால் அந்த 21-க்குள்ளும் விபத்தில் மூளை அடிபட்டவன் தன் பெயரில் ஓர் இடமில்லாமல் மற்றவர்கள் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருக்கவேண்டியவனாகிறான். என் தள்ளாட்டத்தை எலும்புப் பிரிவுக்கும், என் கோபத்தை மனநலப் பிரிவுக்கும், என் குழறலைக் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கும் பங்கு பிரித்து அனுப்பினீர்கள். ஒவ்வொருவரும் தமக்கு வந்த பங்கு அற்பமானது என்று திருப்பியனுப்பினார்கள். உறுப்பு எவ்வளவு கெட்டது என்பது வேறு, சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போயிற்று என்பது வேறு என்று விபத்து நஷ்டஈட்டு விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 2010-இலேயே பிரித்துச் சொல்லிவிட்டது. மண்டி முதலாளியும் அதே அபிப்பிராயக்காரர். என் கைகால்களைப் பற்றி ஒரு புகாரும் சொல்லாமல் என்னை நிறுத்திவிட்டார்.

நம் ராஜ்யத்தில் 2021 டிசம்பர் முதல், சாலையில் அடிபட்டவனுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எத்தனையோ உயிர்களைக் காத்துவரும் புண்ணிய காரியம் அது. காக்கப்பட்டவர்களில் அடியேனும் ஒருவன். 49-ஆவது மணியைப் பற்றியதே இந்த விஞ்ஞாபனம்.

மறதியுள்ளவன் என்று ருஜுப்படுத்த ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, புகைப்படங்கள் எல்லாவற்றையும் மறக்காமல் கொண்டுவரவேண்டும் என்கிறீர்கள். பொறுமையிழந்தவன் என்று ருஜுப்படுத்தக் காலையிலிருந்து வரிசையில் பொறுமையாக நிற்கவேண்டும் என்கிறீர்கள். இவ்வளவையும் சரியாகச் செய்து முடிப்பவனுக்கு ஊனமில்லை என்று தாங்கள் முடிவுகட்டுவது தர்க்க சாஸ்திரத்துக்கு ஒத்ததே. ஆனால் அவற்றைச் செய்து முடித்தவள் என் மனைவி. காகிதங்களை அடுக்கியவள், டோக்கன் வாங்கியவள், வரிசையில் நான் சண்டைக்குப் போன ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டவள் அவளே. அவளைத்தான் தாங்கள் கதவுக்கு வெளியே உட்காரவைத்தீர்கள். சூன்யம் என்ற மதிப்பெண் அவள் சம்பாதித்தது.

இந்தக் கடிதத்தையே எனக்கு விரோதமான சாட்சியமாகக் கொள்ளவேண்டாம் என்றும் பிரார்த்திக்கிறேன். வாக்கியம் நீளமாக இருப்பது பழைய பழக்கம். தொடங்கிய வாக்கியம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று இடையிடையே வாசித்துச் சொன்னவளும் மேற்படியாளே.

மறுபரிசீலனைக்குத் தேதி கொடுப்பீர்களானால், அதை அவளிடம் சொல்லவும். பரீட்சையைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பஸ் நிலையத்துக் கடைத்தெருவில் வைத்துக்கொள்ளவும். வாரியத்தார் மூன்று சாமான்களை வாயால் சொல்லி, ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரு குமாஸ்தாவைப் பின்னால் நடக்கவிடவேண்டியது. சாமான்களும் மீதிச் சில்லறையும் சரியாக வந்து சேர்ந்து, குமாஸ்தாவும் அடிபடாமல் திரும்புவாரானால், அதே சூன்யத்தை மறுபடியும் எழுதிக் கொடுங்கள், ஆட்சேபமின்றிக் கையெழுத்திடுகிறேன். நோட்டுக்கு மாத்திரம் நான் ஜவாப்தாரியல்ல.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பூரண சௌக்கியன்.